காங்கேசன்துறைச் சூளைக்கு நெருப்பு எங்கிருந்து வரும்?

காங்கேசன்துறை, பரந்தன், மாங்குளம் ஆகிய மூன்று இடங்களிலும் கைத்தொழில் வலயங்கள் அமைக்கப்படும் என்று அரசாங்கம் சொல்லிவருகிறது. வேலை யாருக்கு, காணி யாருடையது என்று நம்மவர்கள் கேட்கிறார்கள். கேட்கத்தான் வேண்டும். அவற்றோடு இன்னொரு கேள்வியும் எனக்கு இருக்கிறது. அங்கே வரப்போகும் சூளைகளுக்கு வெப்பம் எதிலிருந்து கிடைக்கும்?

சீமெந்துக்கான கிளிங்கரைச் சுட ஏறக்குறைய 1450 பாகை செல்சியஸ் வேண்டும். ஓடும் செங்கல்லும் 1000 பாகை அளவில் வேகும். நிலக்கரி, எண்ணெய், விறகு என்று எதையாவது எரித்தே இந்த வெப்பம் இதுவரை பெறப்பட்டது. இப்போது பெரிய கைத்தொழில்கள் மின்சாரத்துக்கு மாறிப்பார்க்கின்றன. ஜேர்மனியின் லுட்விக்ஸ்ஹாஃபனில் 850 பாகையில் இயங்கும் இரசாயன உலையொன்று 2024இல் மின்சாரத்தில் பரீட்சார்த்தமாகத் தொடங்கப்பட்டது.

வீட்டு மின்னடுப்பில் சிவக்கும் கம்பியைப் பெரிதாக்கினால் போதாதா என்று தோன்றும். 1400 பாகையை நெருங்கும்போது அந்த உலோகக் கம்பிகள் தாக்குப்பிடிக்காது. அதற்கு மேலே மட்பாண்டக் குடும்பத்தைச் சேர்ந்த சூடாக்கிகள் தேவை. சிலிக்கன் காபைட்டுக் கோல்கள் 1600 பாகை வரையும், மொலிப்டினம் டைசிலிசைட்டுக் கோல்கள் 1800 பாகை வரையும் தாங்கும். இரண்டாவது வகைக்கு ஒரு விசேடம் உண்டு. சூட்டில் அதன் மேற்பரப்பில் மெல்லிய கண்ணாடித் தோல் ஒன்று உருவாகி உள்ளே இருப்பதைக் காக்கும். தோல் வெடித்தால் அதே சூட்டில் மறுபடி மூடிக்கொள்ளும். இவை புதினமானவை அல்ல. ஆய்வுகூட உலைகளிலும் கண்ணாடித் தொழிலிலும் பல பத்தாண்டுகளாகப் பாவனையில் உள்ளவை. ஒரு முழுத் தொழிற்சாலையின் சூட்டையே இவற்றிடம் ஒப்படைக்கும் முயற்சிதான் புதிது.

ஆனால் இந்தக் கோல்கள் குளிர்ந்திருக்கும்போது இலேசில் உடையும். அடிக்கடி சூடாகிக் குளிர்ந்தால் மேல்தோல் உரிந்து ஆயுள் குறையும். ஆகவே மின்சாரம் அறாமல் வரவேண்டும். 2022இல் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்த நாடு இது. 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கொன்று பட்டதால் நாடு முழுவதும் இருண்டது என்று விளக்கம் தந்த நாடும் இதுதான்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். நவீன சூளையில் ஒரு தொன் கிளிங்கருக்குச் செல்லும் வெப்பத்தை மின்சாரமாகக் கணக்கிட்டால் 900 அலகுகளுக்கு மேல் வரும். நாளுக்கு 1000 தொன் சுடும் சூளைக்கு இரவு பகலாக 40 மெகாவாட் வரை தேவை. மன்னார் ‘தம்பபவனி’ காற்றாலைகள் அத்தனையும் பலத்த காற்றில் சுழன்றால் கிடைப்பது 103.5 மெகாவாட். காற்று தணிந்தால்? நுரைச்சோலை நிலக்கரியைத்தான் நம்பவேண்டும். புகைபோக்கி காங்கேசன்துறையில் இல்லாமல் புத்தளம் மாவட்டத்தில் இருக்கும், அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. சீமெந்து உற்பத்தியில் வெளியேறும் காபனீரொட்சைட்டில் பாதிக்கு மேல் எரிபொருளிலிருந்து வருவதில்லை. சுண்ணக்கல்லே சூட்டில் அதை வெளிவிடுகிறது. மின்சாரத்தில் சுட்டாலும் அது வரும். கல் அகழ்ந்த குழிகளும் அப்படியே. குடாநாட்டின் கிணறுகளுக்கு நீர் தருவது அந்தச் சுண்ணக்கல் படைதான். 1990இல் யுத்தத்தோடு நின்றுபோன ஆலையை ‘பசுமைச் சீமெந்து’ என்று யாராவது திரும்பக் கொண்டுவந்தால் நான் முதலில் குழியைப் பற்றித்தான் கேட்பேன்.

ஒட்டுசுட்டான் போன்ற இடங்களில் ஓடு சுடுவது வேறு விடயம். அங்கே மண்ணை 1000 பாகைக்குக் கொண்டுபோனால் போதும். சுட்டு முடித்து அடுத்த தொகுதியை எப்போது ஏற்றுவது என்பதை மின்சாரம் கிடைக்கும் நேரத்துக்கேற்ப மாற்றலாம். வன்னிக் காட்டின் விறகும் மிஞ்சும். மின்சூளையை வடக்கில் பரீட்சித்துப் பார்ப்பதென்றால் அங்கிருந்துதான் தொடங்கவேண்டும் என்பது என் கருத்து.

மின்சாரம் யாருடையது என்ற கேள்வி அப்போதும் நிற்கும். 2025இல் மன்னார் மக்கள் புதிய காற்றாலைகளை எதிர்த்து வீதியில் இருந்தார்கள். தங்கள் கரையில் எடுக்கும் மின்சாரம் வேறெங்கோ போகிறது, நட்டம் மட்டும் தங்களுக்கு என்பது அவர்களின் கோபங்களில் ஒன்று. தொண்ணூறுகளில் ஜாம் போத்தல் விளக்கில் படித்த குடாநாட்டுக்கு அந்தக் கோபம் விளங்கும். எனவே வலயங்களுக்கு அடிக்கல் நாட்டுமுன் சில விடயங்கள் எழுத்தில் வரவேண்டும்: எத்தனை மெகாவாட், எங்கிருந்து, அலகு என்ன விலைக்கு, தட்டுப்பாடு வந்தால் முதலில் துண்டிக்கப்படுவது சூளையா, பக்கத்துக் கிராமமா.