எட்டு மாதப் பணியும் எண்ணற்ற கல்வெட்டுகளும்

இறைபணி என்னும் பெயரால் தற்பணி தழைத்துவரும் காலம் இது. ஆலயத்துக்கு ஒரு சுற்றுமதில் எழுந்தால், அதற்கும் ஒரு கல்வெட்டு. அதிலே அடிக்கல் நாட்டியவர் பெயர், திறந்துவைத்தவர் பெயர், உபயகாரர் பெயர் எனப் பெயர்கள் நிரம்பி வழிகின்றன. "நான் இல்லையேல் இந்தச் சபை இல்லை" என்னும் குரல் எழுவான்கரையிலும் கேட்கின்றது, படுவான்கரையிலும் கேட்கின்றது. இக்குரல் கிறிஸ்தவத்துக்கு உரியதன்று.

இம்மண்ணின் திருச்சபை வரலாறே இதற்குச் சான்று. 1813ஆம் ஆண்டின் இறுதியில் தம் தோழர்களுடன் இங்கிலாந்தை விட்டுப் புறப்பட்ட மெதடிஸ்த மிஷனெரிக் குழுவின் தலைவர் தோமஸ் கோக், 1814 மே மாதத்தில் நடுக்கடலிலேயே உயிர்நீத்தார். திட்டம் வகுத்தவர் இலங்கைக் கரையைக் காணவில்லை. ஆயினும் பணி நிற்கவில்லை. அதே கடற்பயணத்தில் மனைவியைப் பறிகொடுத்த வண. வில்லியம் ஓல்ட், அவ்வாண்டிலேயே மட்டக்களப்பை அடைந்தார். தமிழ் கற்க முனைந்தார். பிள்ளைகளுக்குப் பள்ளிகள் அமைத்தார். 1815 ஏப்ரல் முதலாம் நாள் மறைந்தார். அவர் இங்கு வாழ்ந்த காலம் ஏறத்தாழ எட்டு மாதங்களே!

எட்டு மாதத்தில் ஒருவர் எதனை முடித்துவிட முடியும்? தொடங்கிவைக்கவே முடியும். அவர் தொடங்கியதைத் தோளில் ஏற்றோர் பின்வந்த குருமார் மாத்திரமல்லர். கிராமந்தோறும் நடந்த உபதேசிமாரும், பாடஞ்சொன்ன ஆசிரியரும், பிள்ளைகளை நம்பி அனுப்பிய சைவப் பெற்றோருமே அப்பணியை வாழவைத்தனர். மெதடிஸ்த மத்திய கல்லூரி இன்று தன் தோற்றத்தை 1814 எனக் குறிக்கின்றது. ஓல்டுக்கு வாவிக்கரையிலே சிலையும் உண்டு. மற்றையோருக்குச் சிலை இல்லை. அவர்கள் இன்றேல் அச்சிலைக்கும் இடமில்லை.

நன்றியுடன் பெயர் பொறித்தல் தவறாகுமா எனச் சிலர் வினவலாம். பின்வந்தோர் நன்றியால் பொறிப்பது வரலாறு. இருப்போர் தம் பெயரைத் தாமே பொறிப்பது தற்புகழ்ச்சி. ஓல்டின் சிலையை ஓல்ட் நிறுவவில்லை.

வேறு சிலர் "நான் எம்மாத்திரம்!" என்று கூறிப் பொறுப்பினின்றும் நழுவுவர். அதுவும் தாழ்மையாகாது, சோம்பலுக்குச் சூட்டிய புனிதப் பெயர் அது. துணையையும் தலைவரையும் இழந்தவருக்குத் திரும்பிச் செல்ல நியாயம் இருந்தது. அவர் திரும்பவில்லை.

கொரிந்து சபையார் தலைவர்களின் பெயரால் பிளவுபட்டபோது, பவுல் அடிகள் நடுகையையும் நீர்ப்பாய்ச்சலையும் உவமையாக எடுத்துக் காட்டினார். படுவான்கரை வயல்களை அறிந்தோருக்கு அவ்வுவமை எளிதில் விளங்கும். அங்கே உழுபவர் ஒருவர். வாய்க்காலைத் திறப்பவர் ஒருவர். இரவிலே காவல் இருப்பவர் இன்னொருவர். கதிரை முற்றவைத்தவர் தாமே என்று அவருள் எவரும் உரிமை கோருவதில்லை.

ஒருவர் விலகியதும் நின்றுபோகும் பணி இறைவனுடையதாயிருந்ததா என்பதைச் சபைகள் எண்ணிப் பார்க்கட்டும். தம் பங்கைக் குறைவறச் செய்து, அடுத்தவர் கையில் ஒப்படைத்து ஒதுங்கத் தெரிந்தவரே ஊழியர். அத்தகையோர் பெருகினால், சுற்றுமதில்கள் கல்வெட்டின்றியும் நிற்கும்.