வள்ளம் தந்தவர்கள் தரையைப் பார்த்தார்களா?

புலம்பெயர்ந்த நாடுகளில் ஊர்ச் சங்கங்களை நடத்தும் நண்பர்கள் சிலர் அண்மைக் காலமாக என்னிடம் ஒரே கேள்வியை வெவ்வேறு சொற்களில் கேட்டு வருகிறார்கள். மூதூர்ப் பக்கத்து மீனவர்களுக்கு வள்ளங்களும் அவற்றைக் கடலில் இறக்கி ஏற்றச் சில்லு வைத்த ட்ரெயிலர்களும் வாங்கிக் கொடுக்க எண்ணியிருக்கிறார்களாம். கையோடு கரையில் ஒரு கொங்கிறீற்றுத் தளமும் போட்டுக் கொடுத்தால் என்ன என்று கேட்கிறார்கள். கேட்பவர்களின் நல்லெண்ணத்தில் எனக்கு ஐயமில்லை. ஆனால் என் விடை, வேண்டாம் என்பதுதான். வள்ளத்தைக் கொடுங்கள், ட்ரெயிலரையும் கொடுங்கள். கடற்கரையைச் சீமெந்தால் மூடாதீர்கள்.

கொட்டியாரக் குடாவின் வடக்கே, உலகமே பொறாமைப்படும் இயற்கைத் துறைமுகம் இருக்கிறது. 1957 வரை பிரித்தானியக் கடற்படை அதை விட்டு நகர மனமில்லாமல் இருந்தது. அதே குடாவின் தென்கரையில் இருக்கும் மூதூரின் கதை வேறு. 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி, மலைநாட்டிலிருந்து அள்ளிவந்த மணலையும் வண்டலையும் இங்கேதான் கொட்டுகிறது. கப்பலுக்கு அங்கே ஆழம். வள்ளத்துக்கு இங்கே சேறும் பொருக்கு மணலும். றொபேட் நொக்ஸ் வந்த கப்பல், புயலில் இழந்த பாய்மரத்தைச் செப்பனிட இந்தக் குடாவைத் தேடி வந்து, 1660 இல் கண்டி அரசனின் ஆட்களிடம் அவர் பிடிபட்ட கதை எல்லோருக்கும் தெரியும். கலத்தைச் செப்பனிட ஏற்ற இடம் என்று அன்று மாலுமிகள் நம்பிய இந்தக் குடாவில், இன்றும் தன் வள்ளத்தை நிறுத்த ஒரு நல்ல தரை இல்லாமல் மீனவன் நிற்கிறான்.

2004 டிசம்பர் 26 க்குப் பிறகு கிழக்குக் கரையில் என்ன நடந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். வள்ளங்கள் வந்து குவிந்தன. பல இடங்களில் தேவைக்கு மேலாகவே வந்தன. ஏன் வள்ளம்? எண்ணலாம், வரிசையாக நிறுத்திப் படம் எடுக்கலாம், கொடுத்தவரின் பெயரை அணியத்தில் எழுதலாம். தரையை எண்ண முடியாது. முப்பது ஆண்டுகளாகத் திறப்பு விழாச் செய்திகளை எழுதியும் திருத்தியும் வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இன்ன இடத்தில் மண் பரிசோதிக்கப்பட்டது என்று ஒரு செய்திகூட என் மேசைக்கு வந்ததில்லை.

படைகள் அப்படிச் செய்வதில்லை. நோர்மண்டியில் தரையிறங்குவதற்குப் பல மாதங்கள் முன்பே, 1943 இன் கடைசி இரவில், பிரித்தானியப் படையினர் இருவர் எதிரியின் கரைக்கு நீந்திச் சென்று மணல் மாதிரி எடுத்து வந்தார்கள். தாங்கிகளின் பாரத்தை அந்த மணல் தாங்குமா என்று அறியத்தான். போருக்கு உயிரைப் பணயம் வைத்து மணலைச் சோதிக்கிறார்கள். மீனவனின் பிழைப்புக்கு ஒரு மண்வெட்டி போட்டுப் பார்க்கவும் ஆளில்லை.

கணக்கு எளிதானது. பைபர் வள்ளம், இயந்திரம், எரிபொருள், ஈரவலை எல்லாம் சேர்ந்தால் அரைத் தொன்னை எட்டும். அவ்வளவு பாரமும் ட்ரெயிலரின் இரண்டு சில்லுகளின்கீழ், உள்ளங்கை அகலத்தில் இறங்குகிறது. காய்ந்த மணலில் ஒடுங்கிய ரயர் புதையாமல் என்ன செய்யும்? புதைந்ததும் உழவு இயந்திரத்தைக் கொண்டுவருவார்கள். அதுவும் புதையும். பிறகு பழையபடி தோள்கள்தான். ரயரை அகலமாகப் போட்டு, காற்றைக் கொஞ்சம் குறைத்தாலே பாதித் தொல்லை தீரும் என்பதை ட்ரெயிலர் கொடுப்பவர்கள் யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

"அதற்குத்தானே ஐயா கொங்கிறீற்று?" என்பார்கள். படகு இறக்கும் சாய்தளம் ஏழு அல்லது எட்டு அடிக்கு ஓரடி வீதம் சரிய வேண்டும். அப்போதுதான் இழுவை வாகனம் தண்ணீரில் மூழ்காமல் வள்ளம் மிதக்கும். எட்டுக்கு ஒன்று என்றால், இரண்டடி ஆழத்துக்குப் பதினாறு அடி போதும். ஐம்பது அடிக்கு ஓரடி மட்டுமே சரியும் கரையில் அதே ஆழத்துக்கு நூறு அடி போக வேண்டும். வற்றுப் பெருக்கு ஒரு மீற்றரைக்கூட எட்டாத நம் கடலில், பெருக்கு வந்து கைகொடுக்கும் என்று காத்திருக்கவும் முடியாது. ஆழமற்ற கரையில் நீளமாகப் போட்ட தளத்தை ஆற்று மணல் மூடும். திறந்த கரையில் போட்டதன் அடியை வாடைக்கால அலை அரித்துச் செல்லும். உப்பு உள்ளே இறங்கிக் கம்பி துருப்பிடித்துச் சீமெந்தைப் பிளக்கும். நனையும் பகுதியில் பாசி பிடித்துக் கால் வழுக்கும். உடைந்த துண்டுகள் மணலில் புதைந்து கிடந்து, கரைவலை இழுப்பவர்களின் வலையைக் கிழிக்கும்.

இவற்றைவிடப் பெரிய அநியாயம் ஒன்றுண்டு. ட்ரெயிலர் எல்லோருக்கும் கிடைக்கப்போவதில்லை. கிடைக்காதவன் தன் பைபர் வள்ளத்தை அந்தக் கொங்கிறீற்றின்மேல் இழுத்தால் அடிப்பூச்சு உரிந்து, நீர் இழைக்குள் ஊறும். மணலில் பனங்குற்றி உருட்டி ஏற்றியபோது வராத சேதம் இது. பத்துப் பேருக்கு வசதி செய்ய ஐம்பது பேரின் வள்ளத்தைத் தேய்க்கும் தளத்தை உதவி என்று எப்படி அழைப்பது?

சீமெந்துக்கு இன்னொரு குணம் உண்டு: அது வாகனங்களை அழைக்கும். சென்னை நொச்சிக்குப்பத்தில் மீனவர்களின் கரையோடு போடப்பட்ட வீதி, நாளடைவில் நகரத்தின் போக்குவரத்துப் பாதையாயிற்று. 2023 ஏப்ரலில் மீன் விற்பவர்களின் கடைகளே அதற்கு இடையூறு என்ற வழக்கு உயர்நீதிமன்றம் வரை போனது. மீனவர்கள் மறியலில் இறங்கினார்கள். நம் நாட்டிலோ 1981 ஆம் ஆண்டின் கரையோரம் பேணல் சட்டப்படி, சராசரி உயர்நீர் மட்டத்திலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் கட்டுவதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். ஆழிப்பேரலைக்குப் பின் வடக்குக் கிழக்கில் 200 மீற்றருக்குள் வீடு கட்டாதே என்று மீனவனைத் தடுத்தார்கள். அவனுக்கு மறுத்த கரையில் அவன் பெயரால் சீமெந்து கொட்டுவது நன்றாகவா இருக்கிறது?

அப்படியானால் என்னதான் செய்வது? கரையை ஒரே தரையாகப் பார்ப்பதை முதலில் விடுங்கள். வள்ளம் மாதக்கணக்கில் நிற்கும் வாடியடி வேறு. அது ஓடிவரும் மணல் வேறு. நீர் விளிம்பு வேறு. நிறுத்துமிடத்துக்கு முக்கால் அங்குலச் சல்லி போதும். மேல்மண்ணை வழித்து, செயற்கை இழைத் துணி விரித்து, அதன்மேல் பரப்பி இறுக்க வேண்டும். துணி இல்லாவிட்டால் இரண்டு மாரியில் சல்லியை மணல் விழுங்கிவிடும். உடைத்த கல்லாக இருக்கட்டும், முனைகள் ஒன்றையொன்று கவ்வும். உருண்டைக் கூழாங்கல் சில்லின் அடியில் உருளும். செங்கிரவல் மலிவுதான், மழையில் சேறாகும். புல்தரையும் அப்படியே. தாரோ நம் வெயிலில் இளகி, ட்ரெயிலரின் முன்சில்லைப் பள்ளத்தில் இருத்திவிடும். நடுவிலுள்ள மணலுக்குத் தென்னங்குற்றியோ பலகையோ, சுருட்டி எடுக்கக்கூடிய பாயோ நல்லது; வாடை தொடங்குமுன் எடுத்து வைத்துவிடலாம். நீர் விளிம்பில், அதுவும் அடித்தரை உறுதியாக இருந்தால் மட்டும், வரிவரியாகக் கீறிய ஒடுங்கிய சாய்தளம் ஒன்று. கொங்கிறீற்றுக்கு என் அனுமதி அவ்வளவுதான்.

இதைப் பழைமைவாதம் என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் நகரில் இன்றைக்கும் மீன்பிடிப் படகுகள் கூழாங்கற் கரையிலிருந்தே கடலிறங்குகின்றன. திரும்பி வரும் படகை இயந்திரச் சுழலியால் கரைக்கு இழுத்து ஏற்றுகிறார்கள். பணமில்லாமலா அங்கே கரையைச் சீமெந்தால் மூடாமல் விட்டார்கள்? இலண்டனில் இருக்கும் நம்மவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்து வரலாம். சம்பூர், இலக்கந்தைப் பக்கத்துச் சங்கங்கள் நாலைந்து சேர்ந்து கரையில் அப்படியொரு சுழலியை நட்டால், அதன் கயிறு ட்ரெயிலர் உள்ளவனுக்கும் இல்லாதவனுக்கும் ஒரேமாதிரி வேலை செய்யும்.

பணம் அனுப்ப முடிவு செய்த நண்பர்களிடம் நான் கேட்பது இதுதான்: கார்த்திகையில் ஒருமுறை ஊருக்கு வாருங்கள். சித்திரையில் காணும் கரை அப்போது அங்கே இருக்காது. வள்ளத்தைத் தள்ளுபவர்களையே முன்னே விட்டு, எங்கே சில்லு புதைகிறது என்று தடியால் கோடு போடச் சொல்லுங்கள். சல்லி லொறியை அதன் பிறகு கூப்பிடலாம்.