முடியில்லாப் பூனைக்குட்டி வாங்கப் போகிறீர்களா?

உடம்பில் முடி இல்லாததெல்லாம் ஸ்பிங்க்ஸ் பூனை என்று நம்பிவிடாதீர்கள். 2016-ல் கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் இணைய விளம்பரம் பார்த்துச் சிலர் வாங்கிய குட்டிகளுக்குக் கொஞ்ச நாளிலேயே முடி முளைத்துவிட்டது. சாதாரணக் குட்டிகளை மழித்து விற்றிருந்தார்கள்!

போட்டோவைப் பார்த்து முன்பணம் அனுப்பாமல், நேரில் போய்த் தாய்ப்பூனையைப் பாருங்கள். இந்த இனத்துக்கு இதயத் தசை தடித்துப்போகும் பரம்பரை நோய் வரக்கூடும். வெளியே தெரியாது. எனவே தாய், தந்தை இரண்டின் எக்கோ ஸ்கேன் ரிப்போர்ட்டையும் கேளுங்கள். ஒரு வருடத்துக்குள் எடுத்ததாக இருக்கட்டும். 12 வாரத்துக்கு முன்பே குட்டியைப் பிரித்துக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

நல்ல வளர்ப்பாளர் உங்களையும் கேள்வி கேட்பார்: 'வாராவாரம் குளிப்பாட்ட நேரம் இருக்கா? வீட்டுக்குள்ளேயே வெச்சு வளர்ப்பீங்களா?' எதுவுமே கேட்காமல் 'முதல்ல பணத்தைப் போடுங்க' என்பவரிடம் குட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.