ஊர் நடப்பு: உண்டியல் ஒன்றா, ஐந்தா?

நகரசபை வரி என்றதும், "அது வீட்டுக்காரர் பாடு, குடியிருப்பவனுக்கு என்ன?" என்று நம்மவர் பலர் ஒதுங்கிவிடுகின்றனர். வீட்டுக்காரர் அவ்வரியைத் தம் பையிலிருந்தா கொடுக்கிறார்? மாதந்தோறும் நாம் எண்ணிக் கொடுக்கும் வாடகையில் அதுவும் அடங்கியிருக்கிறது. ஆகவே அப்பணம் எந்தத் தெருவில் செலவாகிறது என்று கேட்கும் உரிமை ஓக்கலிபுரத்து ஒண்டுக்குடித்தனக்காரருக்கும் உண்டு.

பெங்களூரில் 1949 வரை பேட்டைக்கு ஒரு நகரசபையும், கண்டோன்மெண்டுக்கு ஒரு நகரசபையும் இருந்தன. அவ்வாண்டு இரண்டும் இணைந்து மாநகராட்சி பிறந்தது. 2007-இல் சுற்றியிருந்த 7 நகரசபைகளும், ஒரு பட்டண சபையும், 110 கிராமங்களும் சேர்ந்தன. உண்டியல் ஒன்றானால் வசதியும் ஒன்றாகும் என்று எண்ணியவர் உண்டு. ஆனால் அக்கிராமங்களுக்கான காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது 2024 அக்டோபரில்தான். பதினேழு ஆண்டுகள்! குடிநீர் வாரியம் வேறு, மாநகராட்சி வேறு என்பர். குடத்தோடு நிற்கும் தாய்மாருக்கு அந்த வேற்றுமையால் யாது பயன்?

வசூலில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. 2008-இல் வட்டாரங்களை நில மதிப்பை ஒட்டி ஆறு வகையாகப் பிரித்து, விலையுயர்ந்த பகுதிக்குச் சதுர அடி வரியை உயர்த்தி வைத்தனர். செலவிலும் அவ்வாறே ஏழை வட்டாரத்திற்கு முதலிடம் தர வேண்டாமா? வார்டுக்கு இவ்வளவு என்று சமமாகப் பங்கிட்டால் போதும் என்பாரும் உளர். போதாது. பூங்காவும் நடைபாதையும் உள்ள வார்டுக்கும், சாக்கடைக்கு மூடியே இல்லாத வார்டுக்கும் ஒரே தொகை அளித்தால் இடைவெளி அப்படியேதான் இருக்கும். பிரேசில் நாட்டுப் போர்ட்டோ அலெக்ரி நகரில் 1989-இல் தொடங்கிய முறையில், எவ்வட்டாரத்தில் எவ்வசதி குறைவு, மக்கள் எத்தனை பேர், அவர்கள் முதலில் வேண்டுவது எது என்று மதிப்பெண் இட்டு, அதன்படி பணத்தைப் பிரித்தனர்.

இப்போது இங்கே வந்திருக்கும் சிக்கல் வேறு. 2025 செப்டம்பரில் மாநகராட்சி ஐந்தாகப் பிரிந்தது. ஐந்துக்கும் தனித்தனி வரவு செலவுத் திட்டம். பல்லாண்டுகளாகச் சொத்து வரியை மிகுதியாக ஈட்டித் தந்த மகாதேவபுரம் கிழக்கு மாநகராட்சியில் இருக்கிறது. அடியேன் பணிபுரியும் ரயில்வேயில் சரக்கு வண்டியின் வருவாய்தான் பயணி வண்டியின் நட்டத்தைத் தாங்குகிறது. ஒவ்வொரு வண்டியும் தன் வருவாயிலேயே ஓடவேண்டும் என்று விதித்தால், சிற்றூர் நிலையங்களில் விளக்கு எரியாது. ஐந்து உண்டியல்களுக்கும் மேலே, குறைவுள்ள வட்டாரத்திற்கென ஒரு பொது நிதி இருந்தாக வேண்டும் என்பது எமது கருத்து.

2020 செப்டம்பரில் மாமன்றத்தின் காலம் முடிந்தபின், பல ஆண்டுகள் அதிகாரிகளே பட்ஜெட்டை வகுத்தனர். தட்டிக் கேட்க உறுப்பினர் இல்லை. இனி வாக்குக் கேட்டு வருவோரை வாசலிலேயே நிறுத்தி வினவுங்கள்: எங்கள் வார்டுக்குச் சென்ற ஆண்டு ஒதுக்கியது எவ்வளவு? செலவானது எவ்வளவு? அடுத்த வார்டுக்கு எவ்வளவு?