எது சிதம்பர ரகசியம்?

சென்ற மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இராஜபாளையத்திற்குப் பஸ்ஸில் வரும்போது, பஞ்சாலையில் வேலை பார்க்கும் நமது தோழர் ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் கழுத்தில் ஒரு தகடு தொங்கிற்று. “என்ன தம்பி, தாயத்தா?” என்றேன். “தாயத்தில்லை அண்ணாச்சி, இது நானோ தகடு. விஞ்ஞானம்! க்ஷயரோகத்தை இழுத்துவிடுமாம்” என்றார். ஆஸ்பத்திரி மாத்திரையை நிறுத்திப் பத்து நாளாயிற்றாம்!

பழைய மந்திரவாதி தகட்டில் சக்கரம் கீறி விற்றான். புதிய மந்திரவாதி அதே தகட்டில் விஞ்ஞானத்தின் பேரைக் கீறி விற்கின்றான். சாமி பேரைச் சொன்னால் ஆயிரம் கேள்வி கேட்கும் நாம், விஞ்ஞானத்தின் பேரைச் சொன்னவுடன் வாயை மூடிக்கொள்ளலாமா?

நானோ என்பது ஒரு சக்தியல்ல, ஓர் அளவு. ஒரு மீட்டரை நூறு கோடி பங்காக்கினால் அதில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். இவ்வளவு சிறிய அளவில் யந்திரம் உண்டா என்றால், உண்டு. நம் ஒவ்வொருவர் உடம்பிலும் இருக்கின்றது. அதற்கு ரைபோசோம் என்று பேர். கிருமிகளிடமுள்ள ரைபோசோம் சுமார் 20 நானோமீட்டர் அகலந்தான். ஒரு பஞ்சு இழையின் குறுக்கே நூற்றுக்கணக்கில் அவற்றை வரிசையாக நிறுத்தலாம். அது மூன்று மூன்று எழுத்தாகக் கட்டளையைப் படித்து, அதன்படி அமினோ அமிலங்களைக் கோத்துப் புரதத்தைச் செய்கின்றது. மந்திரமில்லை, பூஜையில்லை, பொருந்தியது ஒட்டும், பொருந்தாதது விலகும், அவ்வளவே.

இந்த யந்திரத்தின் சிறிய பாதியை அணு அணுவாகப் படம் பிடித்து 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டவர், 1952-இல் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன். 2009-இல் தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் ஆகியோருடன் நோபல் பரிசு பெற்றார். சிதம்பரம் கோவிலில் திரையை விலக்கி வெட்டவெளியைக் காட்டி ‘ரகசியம்’ என்கின்றார்கள். அவ்வூரில் பிறந்தவர் திறந்து காட்டிய ரகசியத்தையோ எந்த நாட்டானும், எந்த ஜாதியானும் சோதித்துப் பார்க்கலாம்.

இதனால் என்ன பயன்? 1943-இல் கண்டுபிடிக்கப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசின் என்ற க்ஷயரோக மருந்து, கிருமியின் ரைபோசோமில் புகுந்து அதன் வேலையைக் கெடுக்கின்றது. எந்த இடத்தில் அது ஒட்டுகின்றது என்பதையும் அதே 2000-இல் இராமகிருஷ்ணன் குழுவினர் காட்டினார்கள்.

மனிதனும் இப்படிப்பட்ட யந்திரங்களைச் செய்யத் தொடங்கிவிட்டான். ஹாலந்து தேசத்து பென் ஃபெரிங்கா, வெளிச்சம் பட்டால் ஒரே பக்கமாகச் சுழலும் மூலக்கூறு மோட்டாரை 1999-இல் செய்தார். 2011-இல் நான்கு சக்கர மூலக்கூறு வண்டியையே அவர் குழு ஓட்டிக் காட்டிற்று. 2016-இல் சோவாஜ், ஸ்டோடர்ட் ஆகிய இருவருடன் அவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால், அதைக் கழுத்தில் கட்டினால் நோய் போகுமென்று அவர்களில் எவரும் சொல்லவில்லை!

ஆகவே, தோழர்களே! நானோ என்று எவன் வந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். இதனுள் இருப்பதென்ன? எப்படி வேலை செய்கின்றது? யார் சோதித்தார்கள், எங்கே வெளியிட்டார்கள்? பதில் வராவிட்டால் அது தாயத்துத்தான்.

நம் தோழர் மறுநாளே சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போய் மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்தார். அங்கே அது இனாம். தகட்டுக்கோ அவர் ஒரு வாரக் கூலியைக் கொடுத்திருந்தார். அது இப்போது என் மேஜைமேல், காகிதம் பறக்காமல் பார்த்துக்கொள்ளுகின்றது. அதற்குள்ள சக்தி அவ்வளவுதான்.