கைராசியும் ஸ்பைடர் பிளான்ட்டும்

வாசுதேவநல்லூர் பக்கம் ஒரு வீட்டில் செடி பட்டுப்போனால் யாரும் தொட்டியைத் தூக்கிப் பார்ப்பதில்லை. வீட்டுப் பெண்ணைத்தான் பார்க்கிறார்கள். "அவளுக்குக் கைராசி கிடையாது"... தீர்ப்பு முடிந்தது. "அந்த மூணு நாள்ல தொட்டிருப்பா" என்ற முணுமுணுப்பு இலவச இணைப்பு. மல்லிகைக்கும் கறிவேப்பிலைக்கும் சொன்ன அதே பழி, இப்போது ஹாலில் இருக்கும் ஸ்பைடர் பிளான்ட்டுக்கும் வந்துவிட்டது. நஷ்டக் கணக்கில் 'கைராசி' என்று ஒரு தலைப்பு எழுதினால் எந்த ஆடிட்டராவது கையெழுத்துப் போடுவாரா?

கொலையாளி பெரும்பாலும் சொம்புத் தண்ணீர்தான். இந்தச் செடியின் பூர்வீகம் தெற்கு ஆப்பிரிக்கா. வேரைக் கிளறிப் பார்த்தால் வெள்ளையாக, சதைப்பற்றோடு, குட்டிக் கிழங்கு மாதிரி இருக்கும். நம்மூர் தண்ணீர்விட்டான் கிழங்கும் இதுவும் ஒரே தாவரக் குடும்பம். அந்த வேர்தான் அதன் ஃபிக்ஸட் டெபாசிட். தண்ணீரை அதில்தான் சேர்த்து வைக்கிறது. அப்படிப்பட்ட செடிக்கு, அடியில் ஓட்டை இல்லாத பளபள தொட்டியில், தினமும் காலையில் ஒரு சொம்பு! வேர் மூச்சு முட்டி அழுகுகிறது. அழுகிய வேர் தண்ணீரை உறிஞ்சாது, இலை வாடும். வாடியதைப் பார்த்துப் பதறி இன்னொரு சொம்பு. (வேடிக்கை என்னவென்றால், அந்த மூன்று நாளும் வேறு யாரும் தண்ணீர் ஊற்றாமல் விட்டிருந்தால் செடிக்கு நல்லதுதான்.)

இலை நுனி கருகுவது வேறு சங்கதி. போர் தண்ணீரில் இருக்கும் உப்பும் ஃப்ளோரைடும் நுனியில் போய்ச் சேரும். சூப்பர் பாஸ்பேட் போட்டால் இன்னும் மோசம், அதிலும் ஃப்ளோரைடு உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையைக் குடத்தில் பிடித்து வைத்து ஊற்றலாமே.

அடுத்த கூத்து, "காற்றைச் சுத்தம் செய்யும் செடி" என்ற வியாபாரம். 1989-ல் வந்த நாசா அறிக்கையைக் காட்டுவார்கள். அந்தச் சோதனை நடந்தது காற்றுப் புகாத சிறு பெட்டிகளுக்குள். 2019-ல் அமெரிக்காவின் ட்ரெக்செல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் பழைய சோதனைகளை எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். சாதாரணக் கட்டடக் காற்றோட்டம் செய்கிற வேலையைச் செடிகள் செய்ய, ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1000 செடிகள் வேண்டுமாம். பத்துக்குப் பத்து அறைக்குக் குறைந்தது 90 தொட்டி. கட்டிலை எங்கே போடுவது?

மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் குடியிருந்துகொண்டு, ஜன்னலைச் சாத்திவிட்டு, டி.வி. பக்கத்தில் செடியை வைத்தால் காற்றும் போச்சு, செடிக்கு வெளிச்சமும் போச்சு. அதற்காக மொட்டை மாடி வெயிலில் கொண்டுபோய் வைத்தாலும் இலை வெளுத்துவிடும். கிழக்கு ஜன்னல் போதும்.

வாடிய செடியைத் தூக்கிப் போட அவசரம் வேண்டாம். தொட்டியிலிருந்து எடுத்து, கொழகொழவென்ற வேரை வெட்டிவிட்டு, மணலும் மட்கிய உரமும் கலந்த மண்ணில், ஓட்டையுள்ள தொட்டியில் வைக்கலாம். விரலை விட்டுப் பார்த்து, மேல்மண் ஓர் அங்குலம் காய்ந்த பிறகு தண்ணீர். தாய்ச்செடி போய்விட்டாலும் தொங்குகிற குட்டியைக் கிள்ளி, அடிப்பாகம் மட்டும் நனைகிற மாதிரி தண்ணீர் டம்ளரில் வைத்தால் வேர் விடும். அதை வைப்பது யார் கையாக இருந்தாலும், எந்த நாளாக இருந்தாலும்.