விரல் ரேகையை மட்டும் நம்பலாமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் அலுத்துக் கொள்வது பாஸ்வேர்ட் பற்றித்தான். "விரலை வைத்தாலே திறக்கும் லேப்டாப் இருக்கிறதாமே?" என்று கேட்பார்கள். இருக்கிறது. அதே பயோமெட்ரிக் தொழில்நுட்பம்தான் அலுவலகம், மில், ஜவுளிக்கடை என எங்கும் வருகைப் பதிவுக்கு வந்துவிட்டது. மத்திய அரசு அலுவலகங்களில் ஆதார் வழி வருகைப் பதிவு 2014ல் தொடங்கியது.

இது முற்றிலும் புதிய யோசனை அல்ல. 1858ல் வங்காளத்தில் ஜங்கிப்பூரில், வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி, பின்னால் மறுக்கக் கூடாது என்பதற்காக ஓர் ஒப்பந்தக்காரரின் கை அச்சைப் பத்திரத்தில் வாங்கினார். அன்று மை, இன்று சென்சார்.

இந்தக் கருவி உங்கள் ரேகையின் படத்தை அப்படியே ஒப்பிடுவதில்லை. கோடுகள் எங்கே முடிகின்றன, எங்கே இரண்டாகப் பிரிகின்றன என்று பார்த்து, அவற்றை எண்களாக மாற்றி 'டெம்ப்ளேட்' ஆக வைத்துக் கொள்கிறது. மறுமுறை விரலை வைக்கும்போது குறிப்பிட்ட அளவு பொருந்தினால் அனுமதிக்கும். அந்த அளவை உயர்த்தினால் சரியான ஆளையே மறுக்கும். குறைத்தால் தவறான ஆளையும் உள்ளே விடும். இரண்டும் இல்லாத கருவி கிடையாது.

சிக்கல் இங்கேதான். ராயகிரி வயலில் மண்வெட்டி பிடிப்பவர், புளியங்குடியில் எலுமிச்சை பறிப்பவர், சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டுபவர் ஆகியோரின் விரல்களில் ரேகை தேய்ந்திருக்கலாம். தமிழக ரேஷன் கடைகளில் விரல் ரேகைப் பதிவு வந்தபோது முதியவர்களும் உழைப்பாளிகளும் பட்ட பாடு நமக்குத் தெரியும். பின்னர் கருவிழிப் பதிவும் கொண்டு வரப்பட்டது. வேலை செய்யும் இடத்தில் இப்படி மாற்று வழி இல்லையென்றால், கருவியின் தவறுக்குத் தொழிலாளி சம்பளத்தை இழப்பார். அது நியாயமா?

இன்னொரு ஆபத்தும் உண்டு. 2002ல் ஜப்பானின் சுடோமு மட்சுமோட்டோ குழு, ஜெலட்டினால் செய்த போலி விரலை வைத்தே பல ரேகைக் கருவிகளை ஏமாற்றிக் காட்டியது. 2015ல் அமெரிக்க அரசின் பணியாளர் நிர்வாக அலுவலகத்திலிருந்து சுமார் 56 லட்சம் பேரின் ரேகைகள் திருடு போயின. பாஸ்வேர்ட் திருடு போனால் மாற்றிவிடலாம். விரலை எப்படி மாற்றுவது?

பயோமெட்ரிக் வேண்டாம் என்பதல்ல என் வாதம். ஒருவருக்காக இன்னொருவர் கையெழுத்துப் போடும் பழக்கத்தை அது தடுக்கிறது. ஆனால் உங்கள் கடைக்கோ ஆபீஸுக்கோ கருவி வாங்குமுன் நான்கு விஷயங்களைக் கவனியுங்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு மூன்று விரல்களைப் பதிவு செய்திடுங்கள். ரேகை படியாதவருக்குக் கார்டு அல்லது பின் நம்பர் கொடுங்கள். ரேகைப் படத்தைச் சேமிக்காமல், டெம்ப்ளேட்டை மட்டும் பாதுகாப்பாக வைக்கும் கருவியா எனக் கேளுங்கள். வேலையை விட்டுச் செல்பவரின் பதிவை உடனே அழித்துவிடுங்கள்.

கருவி மறுத்தாலும், வந்தவர் வந்தவர்தான். அவரை நேரில் பார்த்துச் சொல்ல ஒரு மனிதர் அங்கே இருக்க வேண்டும்.